மல்லாட்டையும் 36 படங்களும்

ராத்திரி பத்தரை மணி இருக்கும். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொசுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். பொடி அக்காவிடமிருந்து போன். அந்த நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார். எட்டரைக்குப் படுத்து, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மிளகாய் வறுக்கிற ஆள்.

"பாப்பா, தூங்கிட்டியா? ஒரு சந்தேகம். நம்ம இட்லிப் பொடி லேபிள்ல மல்லாட்டை போட்டிருக்கோமா?"

"இட்லிப் பொடியில எதுக்குக்கா மல்லாட்டை?"

"போடுறேனே... போன மாசமே உன்கிட்ட சொன்னேனே."

சொன்னார். அடுப்பில் குழம்பு கொதிக்க, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு நான் பேசிய ஒரு நாளில், "மல்லாட்டை வறுத்துப் போட்டா ருசி தூக்கலா இருக்கு, இனிமே அப்படித்தான் அரைக்கப் போறேன்" என்றார். "சூப்பர்க்கா" என்றேன். அது சமையல் சேதி என்று நினைத்துவிட்டேன். லேபிள் சேதி என்று எனக்குத் தோன்றவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதுதான் வாயில் தேய்ந்து இப்படி ஆனது என்பார்கள்.

பெங்களூருவிலிருந்து ஓர் அம்மா அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். அன்று சாயங்காலம்தான் கூரியரில் இட்லிப் பொடி போய்ச் சேர்ந்திருக்கிறது. லேபிளில் 'கடலைப்பருப்பு' என்று பார்த்தவர், "இது வேர்க்கடலை இல்லையே? என் பையனுக்கு வேர்க்கடலை ஆகாது, ஒருதடவை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டோம்" என்று கேட்டிருக்கிறார். அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். "கடலைப்பருப்பு வேறம்மா. ஆனா இப்ப வேர்க்கடலையும் போடுறேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லையாம்.

பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்ததால் பிரிக்கவில்லை. எங்கள் லேபிளைப் பார்த்து இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கருவடிக்குப்பத்தில், சித்தானந்த சுவாமி கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. பாரதியார் புதுச்சேரியில் இருந்த 1908 முதல் 1918 வரையிலான காலத்தில் வந்து உட்கார்ந்த குயில் தோப்பு இங்கேதான் இருந்தது என்பது ஊர்ப் பெருமை. வீட்டின் முன் அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, அதுதான் என் ஆபீஸ். சிறு வியாபாரிகளுக்கு லேபிள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். சோப்பு, ஊதுபத்தி, ஊறுகாய், பொடி. லேபிளோடு சேர்த்து 'மாக்கப்' படமும் கேட்பார்கள். பாக்கெட்டைப் போட்டோ பிடிக்காமலே, பாக்கெட்டின் மேல் லேபிள் ஒட்டியதுபோல் கம்ப்யூட்டரில் செய்கிற மாதிரிப் படம். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

பொடி அக்காவிடம் 12 வகைப் பொடி. ஒவ்வொன்றும் 100 கிராம் பாக்கெட், 250 கிராம் பாக்கெட், அரைக் கிலோ பாட்டில் என்று மூன்று. ஆக, உட்பொருள்கள் அச்சாகியிருக்கும் பின்பக்கத்துக்கு மட்டும் 36 படங்கள். எடை, விலை, தேதி மூன்றையும் அக்கா முத்திரை குத்திக்கொள்வார். மற்றதெல்லாம் என் பொறுப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா போன் நம்பரை மாற்றினார். அப்போது ஒவ்வொரு படத்துக்குள்ளும் லேபிளின் தனித்தனி நகல் புதைந்திருந்தது. 36 கோப்புகளைத் திறந்து, 36 தடவை பழைய நம்பரை அழித்து, 36 தடவை புது நம்பர் அடித்தேன். இரண்டு ராத்திரி. முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்று படங்களை விட்டிருக்கிறேன். அந்தப் பழைய நம்பர் பிறகு ஓர் ஆட்டோக்காரருக்குப் போய்விட்டது. பாவம், சவாரிக்கு நடுவே சாம்பார் பொடி ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார். நாலைந்து பேரிடம் பொறுமையாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவர்களில் ஒருவரிடமே புது நம்பரைத் தேடி வாங்கி அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அன்றைக்கு அப்பா சிரித்தார். அப்பா போர்டு எழுதியவர். இப்போது முட்டி வலியால் ஏணி ஏறுவதில்லை. 2006 அக்டோபர் 1 முதல் பாண்டிச்சேரி என்ற பெயர் சட்டப்படி புதுச்சேரி ஆனபோது, போர்டில் ஆங்கிலத்தில் இருந்த ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லிச் சில கடைக்காரர்கள் அப்பாவைக் கூப்பிட்டார்கள். நான் அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். லீவு நாளில் ஏணியைப் பிடித்துக்கொள்ளப் போவேன். பழைய எக்ஸ்ரே பிலிமில் எழுத்தை வெட்டி ஸ்டென்சில் செய்து வைத்திருந்தார். ஒருதடவை வெட்டினால் போதும், எத்தனை இடத்திலும் வைத்துப் பெயின்ட் அடிக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு போர்டுக்கும் ஏணி ஏறத்தான் வேண்டும். ஒரு மளிகைக் கடைக்கு ஒன்பது இடத்தில் எழுதியிருந்தார்: முகப்பு, பக்கச் சுவர், குடோன், டெலிவரி வண்டி என்று. எட்டை மாற்றினார். ஒன்பதாவது பின்சந்தில் இருந்தது. கடைக்காரரே மறந்துபோன போர்டு. அது வெகுகாலம் பழைய பெயரோடுதான் கிடந்தது.

"எழுத்தை மாத்துறது பெரிசில்ல பாப்பா. எங்கெங்க எழுதினோம்னு ஞாபகம் வச்சிக்கிறதுதான் பெரிசு" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவர் ஒரு நோட்டு போட்டார். கடைப் பெயர், எத்தனை போர்டு, எந்தெந்தச் சுவர் என்று எல்லாம் அதில் இருக்கும்.

என் கம்ப்யூட்டரில் அந்த நோட்டு எது என்று காட்டிக்கொடுத்தவன் முத்தியால்பேட்டையில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்க்கிற தம்பி. நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க லேபிளை உள்ள புதைக்கிறீங்க. வெளியிலயே வச்சு லிங்க் குடுங்களேன்" என்றான்.

ஃபோட்டோஷாப்பில் 'ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்' என்று ஒன்று 2005-லிருந்தே இருக்கிறது. ஒரு படத்தை உறைக்குள் போட்டு வைப்பதுபோல. வளைக்கலாம், சுருக்கலாம், பாட்டில்மேல் சுற்றலாம். உள்ளே இருக்கிற அசல் கெடாது. மாக்கப் செய்கிற எல்லாருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். தெரியாதது, 2014 ஜனவரியில் அதோடு சேர்ந்த இன்னொரு வசதி. உறைக்குள் படத்தை வைக்காமல், படம் இருக்கிற இடத்தின் முகவரியை மட்டும் வைக்கலாம். அதுதான் 'லிங்க்டு ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்'. அசல் வெளியே ஒரே இடத்தில் இருக்கும். அதைத் திருத்திச் சேமித்தால், அந்த முகவரி வைத்திருக்கிற எல்லா மாக்கப்பும் புதுசை எடுத்துக்கொள்ளும்.

ஒரே கோப்புக்குள் லேயரைச் சாதாரணமாக நகல் எடுத்தால் இரண்டுக்கும் உள்ளே ஒரே அசல்தான். ஒன்றைத் திருத்தினால் மற்றதும் மாறும். ஆனால் அதை இன்னொரு கோப்புக்குள் இழுத்துப் போட்டால் அது தனிக்குடித்தனம். அம்மா வீட்டில் என்ன மாறினாலும் அதற்குத் தெரியாது. நான் 36 தனிக்குடித்தனங்களை வைத்துக்கொண்டுதான் அவஸ்தைப்பட்டேன்.

தம்பி சொன்னபடி மாற்றினேன். ஏற்கெனவே புதைந்திருப்பதை வெளியே எடுக்க 'கன்வெர்ட் டு லிங்க்டு'. புதிதாக வைப்பதற்கு ஃபைல் மெனுவில் 'ப்ளேஸ் லிங்க்டு'. எல்லாப் பொடிக்கும் பொதுவான முகவரி, போன் நம்பர், உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்தேன். அதற்குப் 'பாட்டி' என்று பெயர். அதை லிங்க் செய்திருக்கிற 12 லேபிள்களும் அம்மாக்கள். அந்த லேபிள்களை லிங்க் செய்திருக்கிற 36 மாக்கப்களும் பேத்திகள். லேயர் பட்டியலில் சின்னச் சங்கிலிப் படம் தெரிந்தால் உறவு இருக்கிறது என்று அர்த்தம்.

பாட்டி மாறினால் பேத்திகள் தானாக மாறிவிட மாட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் இருக்கிற அம்மாக்களைத் திறந்து, புதுசை வாங்கிக்கொள்ளச் செய்து, சேமிக்க வேண்டும். பிறகுதான் பேத்திகளுக்குப் போகும். மூடியிருந்த கோப்பைத் திறக்கும்போது மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், அசல் மாறிவிட்டது, நீ இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை என்று பொருள். 'அப்டேட் ஆல் மாடிஃபைட் கன்டென்ட்' என்று கொடுத்தால் முடிந்தது. சிவப்புக் கேள்விக்குறி தெரிந்தால் அசலையே காணோம் என்று பொருள். ஒருதடவை மாக்கப்களை மட்டும் பென்டிரைவில் போட்டுத் தம்பியிடம் கொண்டுபோனேன். அங்கே திறந்தால் எல்லாம் சிவப்பு. அசலையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்க 'பேக்கேஜ்' என்று ஒரு கட்டளை இருப்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

ஃபோட்டோஷாப் திறக்கும்போது அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் வரும். பல வருஷங்களாக அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெயர் சீதாராமன் நாராயணன். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தார். "நம்மாளு பேர் போர்டுல இருக்கு பாரு" என்றார். போர்டு எழுதியவருக்கு எல்லாமே போர்டுதான்.

இவ்வளவு வசதி வந்த பிறகு நான் செய்த முதல் காரியம் ஒரு தப்பு. அக்காவின் உரிம எண்ணைப் புதுப்பித்த சமயம், பாட்டி கோப்பில் எண்ணை அடித்தேன். அது 14 இலக்கம். நான் அடித்தது 13. முன்பெல்லாம் ஒரு படத்தில் தப்பு செய்தால் மற்ற 35 சரியாக இருக்கும். இப்போது ஒரு இலக்கம் விட்டுப்போனது 36 படத்துக்கும் போய்விட்டது. சரியான சேதி போகிற அதே வழியில், அதே வேகத்தில் தப்பும் போகும். அச்சுக்குப் போகும் முன் பிரஸ் தம்பி எண்ணிப் பார்த்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். பாட்டியைத் தொட்டால், அக்கா போனில் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, நான் திரையில் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் சேமிக்க வேண்டும்.

இப்போது அந்த மல்லாட்டை ராத்திரிக்கு வருகிறேன்.

"இட்லிப் பொடியில மட்டும்தானேக்கா போடுறீங்க?" என்று கேட்டேன்.

"அதுல மட்டும்தான் போடுறேன். ஆனா எல்லாத்தையும் அரைக்கிறது ஒரே மெஷின்தானே பாப்பா? துடைச்சுட்டுத்தான் அரைப்பேன். இருந்தாலும் மூலைமுடுக்குல ஒட்டியிருக்குமே."

ஒவ்வாமை கடுமையாக இருக்கிறவர்களுக்குத் துளி வேர்க்கடலைகூட ஆபத்தாகலாம். 'கடலை ஒத்துக்காது' என்றால் நம் வீடுகளில் பித்தம், வாயு என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்வோம். இது அது இல்லை. உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு நிற்கிற அளவுக்குப் போகலாம். அதனால்தான் 2020-ம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகளில், பால், முட்டை, மீன், சோயா, கோதுமை போன்றவற்றோடு வேர்க்கடலையையும் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். விதி எனக்குத் தெரியும். அதில் இருக்கிற பையன் யார் என்பது அன்று ராத்திரிதான் தெரிந்தது.

இரண்டு திருத்தம். இட்லிப் பொடி லேபிளின் உட்பொருள்களில் 'வேர்க்கடலை' என்று சேர்க்க வேண்டும். அது ஓர் அம்மாவுக்கும் அவளுடைய மூன்று மகள்களுக்கும் போகும். அடுத்தது பாட்டி கோப்பில் ஒரு வரி: 'இந்தப் பொடிகள் வேர்க்கடலை அரைக்கும் மெஷினிலேயே அரைக்கப்படுகின்றன. வேர்க்கடலைத் துகள் கலந்திருக்கலாம்.' தடித்த எழுத்தில். அக்கா படிக்க நான் சரிபார்த்தேன். சத்தம் கேட்டு எழுந்து வந்த அப்பாவும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சேமித்தேன். 12 லேபிள்களைத் திறந்தேன். மஞ்சள் முக்கோணம், அப்டேட், சேமிப்பு. பிறகு மாக்கப்கள். திறக்கத் திறக்கப் பாக்கெட்டின் வளைவிலும் பாட்டிலின் உருண்டையிலும் அந்த வரி வந்து உட்கார்ந்தது. முன்பு இரண்டு ராத்திரி பிடித்த வேலை, முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. ஆன்லைனில் ஏற்றுவது சாதாரண ஜேபெக் படங்கள்தான். அவை தானாக மாறாது. ஆகவே எல்லாவற்றையும் மொத்தமாக மறுபடி ஜேபெக் ஆக்க 'பேட்ச்' ஓடவிட்டேன்.

"எல்லாம் மாறிடுச்சுப்பா" என்றேன்.

"எங்க, ஒவ்வொண்ணா காட்டு" என்றார்.

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. காட்டினேன். 1, 2, 3... கறிவேப்பிலைப் பொடி வந்தபோது, "இதுல இல்லியே" என்றார்.

இல்லை. அதன் மூன்று படங்களிலும் இல்லை. கறிவேப்பிலைப் பொடி கடைசியாகச் சேர்ந்த சரக்கு. அவசரத்தில் பழைய மாக்கப்பிலிருந்து இழுத்துப் போட்டுச் செய்திருக்கிறேன். லேபிள் உள்ளேயே புதைந்திருந்தது. சங்கிலி இல்லை. அதனால் மஞ்சள் முக்கோணமும் வரவில்லை. உறவு இருந்து சேதி போய்ச் சேராவிட்டால் கம்ப்யூட்டர் எச்சரிக்கும். உறவே இல்லை என்றால் எச்சரிக்கைகூட வராது. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். அப்பாவின் பின்சந்து போர்டு என் கம்ப்யூட்டருக்குள்ளேயும் ஒன்று இருந்தது.

அதையும் லிங்க் செய்து, வாட்ஸ்அப் கேட்டலாக்கிலும் ஆன்லைன் கடையிலும் 36 படங்களையும் ஏற்றி முடித்தபோது மணி ஒன்றே கால்.

படுத்தேன். தூக்கம் வரவில்லை. திரையில் இருக்கிற பாக்கெட்டை யாரும் சாப்பிடப் போவதில்லை. அக்கா வீட்டு அலமாரியில் அச்சடித்து ஒட்டிய லேபிளோடு நானூறுக்கு மேல் பாக்கெட்டும் பாட்டிலும் இருந்தன. இரண்டு கடைகளில் இருந்தன. போன மாசத்திலிருந்து வாங்கியவர்கள் வீட்டுச் சமையலறைகளில் இருந்தன. அங்கெல்லாம் எந்த லிங்க்கும் போகாது.

விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். அன்று அவர் அடுப்பு பற்றவைக்கவில்லை. மேசைமேல் ஒரு நீளமான கணக்கு நோட்டு. கூரியரில் அனுப்புகிற ஒவ்வொருவரின் பெயர், ஊர், நம்பர், என்ன வாங்கினார்கள் என்று தேதி போட்டு எழுதியிருந்தார். கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியும், "எழுதினாத்தான் எனக்கு மனசுல நிக்கும்" என்று விட்டுவிட்ட நோட்டு. மல்லாட்டை போட ஆரம்பித்த தேதியிலிருந்து எண்ணினோம். 27 பேர்.

ஒவ்வொருவரையும் அக்காவே கூப்பிட்டார். "அம்மா, பொடியில வேர்க்கடலை இருக்கு. லேபிள்ல போடாம விட்டுட்டோம், எங்க தப்பு. வீட்ல யாருக்காவது ஆகாதுன்னா குடுக்காதீங்க, பணத்தை அனுப்பிடுறேன்." சிலர் சிரித்தார்கள். "கடலைதானே, அதுக்கா போன் பண்ணீங்க?" என்றார்கள். ஒருவர் மட்டும், "என் மருமகளுக்கு ஆகாது, நல்லவேளை சொன்னீங்க" என்றார். இரண்டு பேர் எடுக்கவில்லை. மெசேஜ் போட்டுவிட்டு, நீலக் குறி வருகிறவரை நானும் அக்காவும் மாறி மாறிப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கு மத்தியானம் வந்தது. இன்னொருவருக்கு மறுநாள்தான் வந்தது.

பிரஸ் தம்பி மதியத்துக்குள் ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தான். கடைகளில் இருந்த சரக்கையும் எடுத்து வந்தோம். அக்கா, அவரிடம் வேலை செய்கிற இரண்டு பேர், அப்பா, நான் என்று வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினோம். அப்பா ஒட்டியவை மட்டும் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தன.

பெங்களூரு அம்மாவுக்கு அக்கா பணத்தைத் திருப்பி அனுப்பினார். எந்தப் பொடியுமே அந்த வீட்டுக்கு ஆகாது என்றாகிவிட்டது, ஒரே மெஷின் என்பதால். நல்ல வாடிக்கையாளர் ஒருவர் போய்விட்டார். அதற்கு அந்த அம்மா எழுதிய பதில் அக்காவின் போனில் இன்னும் இருக்கிறது. மல்லாட்டைக்கு வேறு மெஷின் போட்டால் சொல்லுங்கள், கறிவேப்பிலைப் பொடி பையனுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று.

அக்கா இப்போது மாதச் சீட்டு கட்டுகிறார். இன்னொரு மெஷின் வாங்குவதற்காக. வாங்கியதும், மல்லாட்டைக்கு அது மட்டும், இடமும் தனி, சல்லடையும் தனி என்று திட்டம். நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். எந்தப் பொடியின் படம் எங்கெங்கே ஏறியிருக்கிறது, எந்தக் கடையில் எத்தனை பாக்கெட் என்று எழுதுகிறேன். பொடி பற்றி அக்கா எது பேசினாலும், அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.

போன வாரம் அக்கா கேட்டார்: "மெஷின் வந்ததும் அந்த வரியை எடுத்துடலாம்ல பாப்பா? எவ்ளோ நேரம் ஆகும்?"

"எடுக்கிறதுக்கு ஒரு நிமிஷம்தான்க்கா" என்றேன். "ஆனா பழைய மெஷினை நல்லா கழுவி, புது மெஷின்ல மல்லாட்டை அரைக்கிறதை நான் வந்து கண்ணால பார்த்த பிறகுதான் எடுப்பேன்."

"வந்து பாரு, வேணாம்னு யார் சொன்னா" என்றார் அக்கா. பக்கத்திலிருந்த அப்பா, "நானும் வரேன்" என்றார்.